மாட்டுக்கு உண்டு ஓய்வு, பிள்ளைக்கு இல்லையா?

நம்மூர்க் கொள்ளிடக் கரையில் விடியற்காலையில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மணலில் ஓடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள். மாலையில் அதே பிள்ளைகள் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குகிறார்கள். உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். உடற்கல்வி ஆசிரியனாகவே காலம் கழித்தவன் நான். என் சண்டையெல்லாம் அவர்களுக்கு ஓதப்படும் ஒரு மந்திரத்தோடுதான்: "தினமும் உச்சம், வலித்தால்தான் வளரும்."

இது வெறும் பேச்சு. எடை தூக்கும்போது தசை வளர்வதில்லை, களைத்துத்தான் போகிறது. வளர்வது அதன் பிறகு, சாப்பாட்டிலும் தூக்கத்திலும். ஒரு கடும் பயிற்சிக்குப் பிறகு அந்தச் சீரமைப்பு ஒன்றிரண்டு நாள் நடக்கிறது. தசைநாருக்கு இன்னும் கூடுதல் காலம் வேண்டும். உடல் அழுத்தத்தைத் தாங்கப் பழகும், ஓயாமல் அழுத்தினால் சோர்ந்து விழும் என்று ஹான்ஸ் செல்யே 1936-லேயே எழுதத் தொடங்கிவிட்டார்.

"அந்தக் காலத்தில் நம்மாட்கள் தினமும் பாடுபடவில்லையா?" என்று கேட்பார்கள். பட்டார்கள். ஆனால் காலையில் ஏர் பூட்டினால் வெயில் ஏறியதும் அவிழ்த்துவிடுவார்கள். மூட்டை சுமப்பது அறுப்புக் காலத்தில்தான். வருஷம் முழுக்க இல்லை. உழைப்பில் ஏற்ற இறக்கம் இருந்தது. நந்திக்குக் கல்யாணம் செய்து பார்க்கிற ஊர் இது. மாட்டின் அருமை நமக்குத் தெரியும். பிள்ளையின் அருமை மட்டும் தெரியாதா?

அடுத்து, வேலூர் சதீஷ் சிவலிங்கத்தை இழுப்பார்கள். "தொடையில் காயத்தோடு 2018 காமன்வெல்த்தில் தங்கம் வாங்கவில்லையா?" வாங்கினார், பெருமைதான். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2014 கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்தம் 328 கிலோ; 2018 கோல்ட் கோஸ்டில் 317. இரண்டுமே தங்கம். அந்தக் காயம் வந்தது தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது. காயம் அவருக்குப் பலம் சேர்க்கவில்லை. காயத்தையும் மீறித்தான் ஜெயித்தார். உச்ச எடை போட்டி நாளுக்கு உரியது. அங்கேயே இந்தக் கதி என்றால், அதைத் தினமும் ஒரு கத்துக்குட்டியின் தோளில் ஏற்றுவது என்ன நியாயம்?

சரி, எப்படித்தான் செய்வது? வாரம் மூன்று நாள் எடை போதும். ஒரே தடவையாக 100 கிலோ தூக்கக்கூடியவன் திங்களன்று 80 கிலோவில் ஐந்து ஐந்தாகத் தூக்கட்டும், புதனன்று 60, வெள்ளியன்று 70. நான்காவது வாரம் எல்லாவற்றையும் குறைக்கட்டும். கடுமையாக ஓடும் நாளையும், கயிறு ஏறும் நாளையும் பாரமான நாளாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

கணக்கு எழுத ஒரு நோட்டுப் போதும். பயிற்சி எவ்வளவு கடினம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, நிமிடத்தால் பெருக்க வேண்டும். 60 நிமிடம், கடினம் 8 என்றால் 480. இலேசான நாள் 40 நிமிடம், 4 என்றால் 160. நடுத்தர நாள் 50 நிமிடம், 6 என்றால் 300. வாரத்துக்கு 940. மந்திரக்காரர் வழியில் ஆறு நாளும் 60 நிமிடம், கடினம் 9 என்றால் 3240! மூன்று மடங்குக்கும் மேல். எந்த உடம்பு தாங்கும்?

பயிற்சிக்குப் பின் கடும் தசைவலியோடு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், சிறுநீரகமே கெடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கம் கெடுவதும், முன்பு எளிதாகத் தூக்கிய எடை கனப்பதும், சிடுசிடுப்பும் முன்னெச்சரிக்கைகள்.

பெரியவர்களே, வீட்டில் நம் சொல்லுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது. பேரன் ஒருநாள் படுத்திருந்தால் "சோம்பேறி" என்று விரட்டாதீர்கள். அவனுடைய நோட்டை வாங்கி இந்த வாரக் கணக்கைப் பாருங்கள். நோட்டே இல்லையென்றால், சொல்லித் தருகிறவரிடம் போய் ஏன் இல்லை என்று கேளுங்கள்.