பையில் இருப்பது நெருப்பு! வேப் கருவியும் கள்ளப் பேட்டரியும்



அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடித்துக் கிளம்புகிற நேரம். ஓர் அம்மா துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஒரு சாமானை மேசையில் வைத்தார்.

"தம்பி, இது மவன் தலைமாட்டுல கெடந்துச்சு. ராத்திரி முழுக்க சார்ஜில போட்டுட்டுத் தூங்கிட்டான். காலைல தொட்டா கொதிக்குது, பக்கமெல்லாம் வீங்கிக் கெடக்கு. இது வெளையாட்டுச் சாமானா, வெடிக்கிற சாமானாப்பா?"

அது ஒரு வேப். புரட்டிப் பார்த்தேன். செய்த கம்பெனியின் பெயர் இல்லை, சிரிம் முத்திரை இல்லை. மாம்பழப் படம் மட்டும் பளபளவென்று இருந்தது. உடனே அதை வெளியே கொண்டுபோய், மணல் போட்ட ஒரு பிஸ்கட் டின்னில் வைக்கச் சொன்னேன். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில்தான் இந்த வாரக் கட்டுரை.

வேப் என்றதும் எல்லாரும் புகையைப் பற்றியும் நிக்கோட்டினைப் பற்றியும் பேசுகிறோம். அதுவும் பேசவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவிக்குள்ளே ஒரு பேட்டரி இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. புகை குடிப்பவனுடைய நெஞ்சைக் கெடுக்கும். பேட்டரி வெடித்தால் பக்கத்தில் படுத்திருக்கும் பச்சைக் குழந்தையும் தப்பாது. நம் பழைய லயத்து வீடுகளில் ஓர் அறையில் நாலைந்து பேர் படுக்கிறோம், மேலே பலகை, கீழே மெத்தை. இதை மறந்துவிடக் கூடாது.

பேட்டரி என்றால் வானொலிப் பெட்டியில் போடுகிற பழைய பேட்டரி அல்ல. இது லித்தியம் பேட்டரி, சின்ன உடம்பில் பெரிய சக்தியை அடைத்து வைத்தது. உள்ளே இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாள் நடுவே இருக்கும். சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். அடிபட்டோ, சூட்டிலோ, அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறியோ அந்தத் தாள் கெட்டுப் போனால் தகடு தகட்டைத் தொடும். சூடு சூட்டை வளர்க்கும். சில விநாடியில் சீறிக் கொண்டு எரியும்.

நல்ல கருவியில் இதைத் தடுக்க ஒரு சிறு மின்தகடு வைத்திருப்பார்கள். சார்ஜ் நிறைந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது, சூடு ஏறினால் அணைப்பது அதன் வேலை. மலிவுச் சாமானில் லாபத்துக்காக முதலில் வெட்டுவது அதைத்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பேட்டரியைத் தனியே கழற்றி மாட்டுகிற பெரிய வேப்பும் உண்டு. அதில் போடுவது 18650 என்கிற உருளைப் பேட்டரி. குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். பால் வெட்டும் தோழர்களுக்கு இது தெரிந்த சாமான்தான், விடியற்காலை நெற்றி விளக்கில் போடுகிறோமே, பெரும்பாலும் அதே பேட்டரி! நல்ல தரமான 18650 பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 3,000 அல்லது 3,500 மில்லி ஆம்பியர் மணி. இரவுச் சந்தையில் விற்கிற சில பேட்டரியில் 9,900 என்று அச்சடித்திருக்கும். அது பச்சைப் பொய். அந்த அளவு பேட்டரிக்குள் அவ்வளவு சக்தியை இன்றுவரை யாராலும் அடைக்க முடியவில்லை. வாங்கி மாட்டினால் இரண்டு நிரை வெட்டுவதற்குள் வெளிச்சம் மங்கிப் போகும். விளக்கில் போட்டால் ஏமாற்றத்தோடு போயிற்று. அதே கள்ளப் பேட்டரியை வேப்பில் போட்டால் ஆபத்து.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. முழுச் சார்ஜில் இந்தப் பேட்டரி 4.2 வோல்ட். அதிகப் புகை வரவேண்டுமென்று நம்ம பசங்க 0.1 ஓம் கம்பிச்சுருள் போடுகிறார்கள். 4.2ஐ 0.1ஆல் வகுத்தால் 42 ஆம்பியர். நல்ல பெயர்பெற்ற பேட்டரியே தொடர்ந்து 20 ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். ஒரு குலையைத் தூக்கவே மூச்சு வாங்குகிறவன் தோளில் நாலு குலையை ஏற்றினால் என்ன ஆகும்? இடுப்பு முறியும். பேட்டரிக்கும் அதே கதிதான். அதிலும் 'மெக்கானிக்கல்' என்று சொல்கிற வகையில் பாதுகாப்பு மின்தகடே கிடையாது.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்க நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அங்கே 195 வேப் கருவிகள் தீப்பிடித்த அல்லது வெடித்த சம்பவங்களை அது திரட்டியது. 133 பேருக்குக் காயம், அவர்களில் 38 பேருக்குப் பலத்த காயம். எங்கே வெடித்தது தெரியுமா? பையில் இருக்கும்போது 61, குடித்துக் கொண்டிருக்கும்போது 60, சார்ஜில் இருக்கும்போது 48. பிறகு உயிரும் போயிற்று. 2018ல் புளோரிடா மாநிலத்தில் ஒருவர், 2019ல் டெக்சஸ் மாநிலத்தில் 24 வயது வாலிபர் ஒருவர், கருவி வெடித்துச் சிதறிய துண்டு பாய்ந்து மாண்டார்கள்.

"அவ்வளவு பெரிய நாட்டில் 195 தானே?" என்று கேட்கலாம். எண்ணிக்கை குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எங்கோ அமெரிக்காவில் நடந்தது என்று ஒதுக்க முடியாது. உலகத்து வேப் கருவிகளில் பெரும்பகுதி சீனாவின் சென்ஷென் பட்டணத்துப் பக்கம் செய்யப்படுகிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்கும் போகிறது, நம் இரவுச் சந்தைக்கும் வருகிறது. அதில் பரிசோதனை இல்லாத மட்டச் சரக்கு யார் கைக்கு வந்து சேரும்? 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். அந்தச் சம்பளத்தில் மலிவு எதுவோ அதைத்தானே பிள்ளைகள் வாங்கும்?

சட்டம் என்ன செய்தது? 2022ல் உள்நாட்டு வாணிப அமைச்சு, வேப் கருவிகளுக்குச் சிரிம் சான்றும் முத்திரையும் கட்டாயம் என்று உத்தரவு போட்டது. நல்ல காரியம். அடுத்த ஆண்டு, 2023 மார்ச் 31ஆம் தேதி, திரவ நிக்கோட்டினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 சென் வரி. வரி வந்தது, ஆனால் பிள்ளைகளைக் காக்கும் சட்டம் வரவில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது, இணையத்தில் விற்கக்கூடாது என்று சொல்லும் சட்டம் 852 நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1ஆம் தேதி. இடையில் 18 மாதம்! கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஒன்றரை வருடம் கழித்துப் பூட்டுத் தேடியது போல.

இன்று சட்டமும் இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. ஆனால் தோட்டத்து வாசல்வரை அது வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி. கைக்குக் கை மாறி வருகிற சரக்குக்கு ரசீது இல்லை. வெடித்துக் கட்டிலும் துணிமணியும் கருகினால் யாரிடம் போய்க் கேட்பது? விற்றவன் அடுத்த ஊர்ச் சந்தையில் இருப்பான்.

தோழர்களே, 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டார்கள்: கள்ளுக்கடையை மூடு! கூலியை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வித்தையை நம் முன்னோர்கள் அன்றே புரிந்துகொண்டார்கள். இன்று கள்ளுக்கடைக்குப் பதிலாக மாம்பழப் படம் போட்ட டப்பா வந்திருக்கிறது.

பிள்ளைகளைத் திட்டி, அடித்துப் பயனில்லை. ஒளித்து வைத்துச் சார்ஜ் போடுவான், அது இன்னும் ஆபத்து. விடுவது ஒன்றுதான் நல்ல வழி. விடும்வரையில் வீட்டில் எல்லாரும் இதைக் கடைப்பிடியுங்கள்:

முதலாவது, தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். மெத்தை, தலையணை மேல் வேண்டவே வேண்டாம். சிமெண்டுத் தரையில், கண்ணெதிரே போடுங்கள். சூடு கண்டால் கழற்றி விடுங்கள்.

இரண்டாவது, தனிப் பேட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போடாதீர்கள். இரும்பு இரண்டு முனையையும் தொட்டால் அங்கேயே தீ. மேலுறை கிழிந்த பேட்டரியும் அப்படித்தான். நெற்றி விளக்குப் பேட்டரிக்கும் இதே விதி.

மூன்றாவது, வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைக்காதீர்கள். தீர்ந்துபோன வேப்பை உடைத்துப் பேட்டரியை எடுக்க விடாதீர்கள். குப்பையிலும் போடாதீர்கள், குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

நான்காவது, தீப்பிடித்தால் கையால் தொடாமல் ஆட்களை வெளியேற்றி 999க்கு அழையுங்கள். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிச்சாப்பும் பற்பசையும் பூசாதீர்கள்.

இது வீட்டு வேலை. சங்கத்து வேலையும் உண்டு. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு சுகாதாரக் குழு இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதி உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவதற்கல்ல. பழைய பேட்டரி போட ஒரு மணல் தொட்டி, லயத்துக்குத் தீயணைப்புக் கருவி, பால் வெட்டுபவர்களுக்கு நம்பகமான விளக்குப் பேட்டரி, இவற்றை அங்கே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். முத்திரையில்லாச் சரக்கு விற்கும் இடம் தெரிந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சுக்குப் புகார் கொடுங்கள், கிளைச் செயலாளர் எழுதித் தருவார்.

அந்த அம்மா கிளம்பும்போது, "இனிமே அவன் தலைமாட்டுல போட விடமாட்டேன் தம்பி" என்றார். பிஸ்கட் டின்னைக் காட்டி, "நாளைக்கு வேற ஒன்னு வாங்கியாந்தா?" என்றும் கேட்டார். அதற்குப் பதில் சொல்லவேண்டியது அவர் ஒருத்தர் மட்டுமல்ல. விற்பவன், கண்டுகொள்ளாத அதிகாரி, சும்மா இருக்கும் நாம், எல்லாரும்தான்.