தொட்டியில் முளைத்ததைக் கடலில் கொட்டாதீர்கள்!

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்போர் கவனிக்க வேண்டும். புதுத் தொட்டிக் கல்லில் சில வாரங்களில் ஏதேதோ முளைக்கும். இளஞ்சிவப்பாய்க் கல்லோடு ஒட்டிப் படர்ந்தால் அது சுண்ணாம்புப் பாசி, நல்லது, இருக்கட்டும். பழுப்பாய்க் குட்டிப் பூப்போல விரிந்தால் ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி. பெயரில்தான் பூ, அது பிராணி! நசுக்கினால் துண்டிலிருந்தும் முளைக்கும்.

தொல்லை தாங்காமல் கோட்டைப்பட்டினம் கடலில் கொட்டிவிடலாமா? கூடவே கூடாது! வளர்ப்புக்காக வந்த கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி, மண்டபம் அருகே குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008-ல் விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள். புதுக்கோட்டை, தஞ்சைக் கடற்பகுதியிலோ 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் இருக்கிறது. அந்தச் சாதுப் பிராணிக்குக் கடற்புல்தான் சோறு.

வேண்டாததை வெயிலில் நன்றாகக் காயவைத்து, குழி தோண்டிப் புதையுங்கள்.