லேபிள் மாறியது; ஆலை மூடியது

அமெரிக்காவில், ஸான்பிரான்ஸிஸ்கோவின் ஆங்கர் பீர் ஆலை 1896-ல் தோன்றியது. 1975 முதல் ஆண்டுதோறும் அதன் கிறிஸ்துமஸ் பீருக்குப் புது மரப்படம் போட்ட லேபிள் வந்தது. 2017-ல் ஜப்பானிய ஸப்போரோ கம்பெனி ஆலையை வாங்கியது. 2019-ல் தொழிலாளர்கள் சங்கம் அமைத்தார்கள்.

பளபளக்கும் புது லேபிள்கள் சந்தையில் குவிந்தன. 2021-ல் கம்பெனியும் பழைய சித்திரங்களைத் தள்ளிவிட்டுப் பளிச்சென்ற லேபிளை ஒட்டியது. வாடிக்கைக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 2023-ல் நஷ்டம் என்று சொல்லி ஆலையையே மூடியது. 61 பேர் வேலை இழந்தனர். ஆலையைத் தாங்களே வாங்கி நடத்தத் தொழிலாளர்கள் முயன்றார்கள், முடியவில்லை. 2024-ல் கோடீஸ்வரர் ஒருவர் வாங்கினார்.

நாம் கேட்கிறோம்: லேபிளை மாற்றத் தீர்மானித்தவர்கள் யார்? பிழைப்பை இழந்தவர்கள் யார்? முதலாளி ஆடும் சூதில் பணயம் தொழிலாளியின் சோறு. பண்டத்தைப் படைப்பவனுக்கு ஆலை நிர்வாகத்திலும் குரல் வேண்டும்!