விளையாட்டு மகிழுந்தும் விரல்நுனிக் கல்வியும்



“என்ன சார், இன்னும் பொம்மை காடி ஒட்டிக்கிட்டு இருக்கீங்க?” சிலிம் ரிவரில் என்னை அறிந்த பெற்றோர் பலர் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி இது. என் மேசைமேல் 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர் மகிழுந்தின் மாதிரியுரு ஒன்று பாதி கட்டிய நிலையில் இருக்கிறது. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. இது வெறும் பொழுதுபோக்கன்று. நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் கைக்கும் வரவேண்டிய கல்வி என்பதே என் கருத்து.

அமெரிக்கர் ‘மசல் கார்’ என்றழைக்கும் வண்டிகளின் கதையே ஒரு பாடம். 1964இல் போன்டியாக் நிறுவனத்தார் டெம்பஸ்ட் லெமான்ஸ் என்னும் நடுத்தர வண்டியில், பெரிய வண்டிக்குரிய 6.4 லிட்டர் வி-8 இயந்திரத்தைப் பொருத்தி ஜி.டி.ஓ. என்று பெயரிட்டனர். முற்றிலும் புதிய வண்டியை அவர்கள் படைக்கவில்லை, இருந்ததை மாற்றியமைத்தனர். மாதிரியுருப் பெட்டிகளும் அவ்வழியே நடந்தன. ஏ.எம்.டி. நிறுவனம் ஒரே பெட்டியில் மூன்று வகையாகக் கட்டும் உறுப்புகளை வைத்து விற்றது: ஆலையில் வெளிவந்தபடி, சொந்த விருப்பப்படி, பந்தயத்திற்கேற்றபடி. எதைக் கட்டுவது என்ற முடிவு சிறுவனுடையது!

இதில் என்ன கல்வி என்பீர்கள். உண்மையான சார்ஜரின் நீளம் ஏறத்தாழ 5.28 மீட்டர். அதை 25ஆல் வகுத்தால் 21 சென்டிமீட்டர். விகிதம் கரும்பலகையில் புரியாத மாணவனுக்கு அளவுகோலை வைத்து அளக்கும்போது புரிகிறது. நெகிழி உறுப்புகளை இணைக்கும் பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. மழைக்கு முந்திய புழுக்கத்தில் லாக்கர் வண்ணத்தைத் தெளித்தால் பளபளப்பு மறைந்து பால்போல் வெளுத்துவிடும். வண்ணத்தின் கரைப்பான் விரைந்து ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்க, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிவதே காரணம். ஆவியாதல், நீராவி ஒடுங்குதல் ஆகிய இரண்டையும் கற்பிக்க நம் பேராக் வானிலையைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் உண்டோ?

மாற்றியமைத்தல் என்பது அடுத்த படி. பெட்டியில் வரும் இயந்திரத்தில் பெரும்பாலும் மின்பொறிக் கம்பிகள் இரா. மெல்லிய கம்பிகளை நாமே பொருத்த வேண்டும். கிரைஸ்லர் வி-8 இயந்திரத்தின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. எட்டுக் கம்பிகளை அவ்வரிசைப்படி இழுக்கும் மாணவன், இயந்திரம் ஏன் அப்படிச் சுழல்கிறது என்று தானே கேட்கத் தொடங்குவான். அக்கேள்விக்காகத்தானே நாம் பள்ளி நடத்துகிறோம்?

இஃது நமக்கு அந்நியமானதுமன்று. பால் டின்னை உடலாகவும் பழைய செருப்பை வெட்டிச் சக்கரமாகவும் கொண்டு வண்டி ஓட்டியவர்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகள். பின்னர் தமியா குறுவண்டி மோகம் வந்தபோது மோட்டாரையும் பற்சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். அந்தக் கைகள் இன்று தொடுதிரையைத் தேய்ப்பதோடு நின்றுவிடுகின்றன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பயிற்சி ஏடுகளின் ஆட்சி மட்டும் ஓயவில்லை.

பெற்றோரின் தயக்கத்தை நான் இகழேன். பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் கை காய்த்த தலைமுறை, “என் பிள்ளையாவது கையில் அழுக்குப் படாமல் வேலை செய்யட்டும்” என்று விரும்புவது இயல்பே. ஆனால், வேறு வழியின்றிக் கை உழைத்தது வேறு. அறிவு ஆணையிடக் கை பணிவது வேறு. அறுவை மருத்துவருக்கும் வானூர்தித் தொழில்நுட்பருக்கும் வேண்டியது இந்தக் கைதானே! கைத்தொழிலை ‘படிப்பு வராதவனுக்கு’ என்று ஒதுக்கிவைத்தால், இழப்பு நம் பிள்ளைகளுக்கே.

செலவு? ஒரு பெட்டி நூறு ரிங்கிட்டைத் தாண்டலாம். நால்வர் குழுவுக்கு ஒன்று போதும். ஒருவர் வெட்ட, ஒருவர் தேய்க்க, ஒருவர் ஒட்ட, ஒருவர் விளக்கக் குறிப்பைப் படித்துத் தமிழில் சொல்லட்டும். கூர்கத்தியும் வண்ணத் தெளிப்பானும் ஆசிரியர் பொறுப்பில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். மகிழுந்து பிடிக்காதோர்க்கு வேறு பெட்டிகளும் உள. 7.1.1942 அன்று துரோலாக்கிலும் நம் சிலிம் ரிவரிலும் 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் தற்காப்பை உடைத்தவை ஜப்பானியக் கவச வண்டிகள். அவற்றுள் ஒன்றான 97ஆம் வகையையும் தமியா மாதிரியுருவாக வெளியிட்டிருக்கிறது. ஊர் வரலாற்றையும் கையால் கட்டிக் கற்கலாமே!

நான்காம் ஆண்டு முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடம் இருக்கிறது. புறப்பாட நேரமும் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பரிசளிப்பு விழாவின் கிண்ணங்களில் சிலவற்றைக் குறைத்துக்கொண்டு, இரண்டு பெட்டிகளும் ஒரு தொகுதி உப்புத்தாளும் வாங்கித் தந்தால் போதும்.

கிண்ணம் கண்ணாடிப் பேழைக்குள் உறங்கும். தானே கட்டிய வண்டியோ பிள்ளையின் கையை உறங்கவிடாது.

சிந்திப்போம், செயல்படுவோம்.