பைரைற்றும் படித்தோரும்

செல்வத்தை ஈர்க்கும் கல் என்ற பெயரோடு பைரைற்று மணிகள் கோத்த கைவளையங்கள் அண்மைக்காலமாக இந்தியாவிற் பெருவிற்பனை பெறுகின்றன. அவ்விளம்பரங்கள் கைத்தொலைபேசி வழியே யாழ்ப்பாணத்தையும் எட்டியுள்ளன. குபேரனும் இலக்குமியும் அவற்றிற் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றனர். பட்டம் பெற்ற பின்னரும் இதனை நம்புவோரை நோக்கியே இதனை எழுதுகிறோம்.

மரபு கூறுவது யாது? சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைக் காட்டுமிடத்து ஒன்பான் மணிகளின் இயல்பை விரித்துரைக்கின்றது. அவற்றுள் பைரைற்றுக்கு இடமில்லை. நவமணிகளைக் கோள்களோடு பொருத்தும் சோதிட மரபிலும் அதற்கோர் ஆசனம் இல்லை. மருத்துவ, இரசவாத நூல்கள் மாட்சிகம் என்ற பெயரில் இவ்வினக் கனிப்பொருள்களை அறிந்திருந்தன. ஆயின் அவற்றைச் சுத்தி செய்து புடமிடச் சொல்லினவேயன்றி, மணிக்கட்டில் அணிந்து பணத்துக்குக் காத்திருக்கச் சொல்லவில்லை. மரபைப் போற்றுவதாகக் கூறுவோர் அம்மரபையாவது படித்திருக்க வேண்டாமா?

கல்லின்மீது எமக்குப் பகையில்லை. இரும்பும் கந்தகமும் சேர்ந்த இக்கனிப்பொருள் பெரும்பாலும் சதுரமுகிப் பளிங்குகளாக வளர்வது. முகங்களில் மெல்லிய வரிகள் ஓடும். எஃகால் அடித்தாற் பொறி பறக்கும். தீயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயரும் பிறந்தது. ஐரோப்பியர் மார்க்கசைற்று எனப் பெயரிட்டு விற்ற நகைகளிற் பதிக்கப்பட்டதும் பெரும்பாலும் இதுவே. சுண்ணக்கல்லாலான எமது குடாநாடு இரத்தினம் விளையும் நிலமன்று. எனினும் இலங்கையில் இக்கல் உண்டு. போகலவின் காரீயப் படிவுகளிலும், 1971 இல் கண்டறியப்பட்ட சேருவிலச் செப்புப் படிவிலும் அது காணப்படுகின்றது. செல்வத்தை ஈர்க்கும் ஆற்றல் அதற்கு இருப்பின், சுரங்கத்தில் அதனிடையே நாள்முழுதும் நிற்கும் தொழிலாளியன்றோ முதலிற் செல்வனாகியிருக்க வேண்டும்!

இனங்காண்பதும் அரிதன்று. மெருகிடாத பீங்கானில் (தேநீர்க் கோப்பையின் அடிவிளிம்பே போதும்) உரைத்தாற் பொன் மஞ்சட்கோடு இடும். பைரைற்று பச்சை கலந்த கருங்கோடு இடும். பொன்னின் வன்மை 3 ஐத் தாண்டாது, அடித்தால் தகடாகும்; பைரைற்றின் வன்மை 6 முதல் 6.5 வரை, அடித்தால் நொறுங்கும். தன்னீர்ப்பு பொன்னுக்கு 19.3, இதற்கு ஏறத்தாழ 5. கஸ்தூரியார் வீதிப் பொற்கொல்லர் உரைகல்லில் ஒருமுறை உரைத்து முடிக்கும் காரியம். இன்னுமொன்று: சந்தைக்கு வரும் மணிகளுட் சில பைரைற்றும் அல்ல, வேறு கல்லுக்கு நிறம் பூசியவை. போலிப் பொன்னுக்கும் போலி!

“நம்பிக்கைதானே, யாருக்கு நட்டம்?” என்பர் சிலர். ஈரக்காற்றில் இக்கல் ஒட்சியேற்றமடைந்து சல்பூரிக்கமிலத்தையும், நம் வைத்தியர் அன்னபேதி என்றழைக்கும் உப்பையும் தோற்றுவிக்கவல்லது. ஆசனிக்கும் அதிற் கலந்திருப்பதுண்டு. அதனை ஊறவைத்த நீரைப் பருகுமாறு உபதேசிப்போரை என்னென்பது? இதனினும் பெருங்கேடு வேறொன்றுண்டு. விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பட்டதாரியிடம், உன் வறுமைக்குக் காரணம் கையிற் கல் இல்லாமையே என்று கூறுவது வெறும் மூடநம்பிக்கையன்று. வேலையின்மைக்குப் பொறுப்பானோரைக் கேள்வியிலிருந்து தப்புவிக்கும் தந்திரமாகும்.

விற்போர் விற்கட்டும், ஆனால் இரும்புச் சல்பைட்டு, அழகுக்கு மட்டும் என்று சீட்டில் எழுதி விற்கட்டும். அதற்குரிய விலை கொடுத்து வாங்குவோரை யாம் தடுக்கோம்.