முதலில் தூரம், அப்புறம் ஸ்கோப்

மரக்காணத்து நண்பன் ஒருவன் புதிதாக ஏர் ரைபிள் வாங்கியிருக்கிறான். "9 மடங்கு ஸ்கோப் போதுமா, 24 மடங்கே வாங்கிடலாமா?" என்று கேட்டான். எதைச் சுடப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டேன். "பார்த்துக்கலாம்டா, உப்பளம் பக்கம்தான்" என்றான். அந்தப் பதில்தான் என்னை எழுத வைத்தது.

நம்மில் பலர் ஸ்கோப்பை செல்போன் கேமரா மாதிரி நினைக்கிறோம். எண் பெரிதாக இருந்தால் நல்லது! என் கருத்து வேறு. முதலில் தூரத்தை முடிவு செய்ய வேண்டும், அப்புறம்தான் ஸ்கோப்.

10 மீட்டர் என்றால் ஸ்கோப்பே வேண்டாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. நம் பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே போட்டியில்தான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதைச் சின்னத் துளை வழியாகப் பார்த்தே அடிக்கிறார்கள்.

15 முதல் 40 மீட்டர் வரை மாறி மாறிச் சுடுவதென்றால் ஸ்கோப் உதவும். ஆனால் அங்கேயும் மடங்கு முக்கியமில்லை. ஸ்கோப் குழலுக்குச் சுமார் 4 செ.மீ. மேலே இருக்கிறது. குண்டோ வளைந்து போகிறது. சாதாரண ஏர் ரைபிளை 25 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால், 10 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 1 செ.மீ. கீழே படும், 40 மீட்டரில் 5 செ.மீ. அளவுக்குக் கீழே போகும். 24 மடங்கு ஸ்கோப் இதைத் திருத்தாது. தவறை இன்னும் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான்!

அடுத்தது பாரலாக்ஸ். கண்ணைக் கொஞ்சம் அசைத்தால் குறுக்குக்கோடும் இலக்கின் மேல் நகர்வதுபோலத் தெரியும். பெரிய ரைபிள் ஸ்கோப்புகளை வழக்கமாக 100 கஜத்துக்கும், .22 ஸ்கோப்புகளை 50 கஜத்துக்கும் சரிசெய்து விற்கிறார்கள். தூரம் மாறுகிறவருக்கு 10 கஜம் வரை திருகி மாற்றக்கூடியதுதான் வேண்டும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் முன்னும் பின்னும் உதறும், அதனால் ஏர் ரைபிளுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். 3-9 மடங்கு தாராளம். உப்புப் பாத்தி மேல் மத்தியானக் கானல் ஆடும்போது, மடங்கு கூடக் கூட ஆட்டமும் கூடும்.

சரி, உப்பளம் விஷயத்துக்கு வருவோம். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் விசையும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதற்காக எதையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. பக்கத்திலேயே கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரையும் உள்ளானும் சரணாலய எல்லைக் கல்லைப் பார்த்து இறங்குவதில்லை, பாத்தியிலும்தான் இறங்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்கு வெளியிலும் அவற்றைச் சுடுவது குற்றம்.

சட்டத்தை விடுங்கள். உப்பளத்தில் குண்டைத் தாங்க மண்மேடு ஏது? தட்டையான வெளி, தண்ணீரில் பட்டால் தெறிக்கும். வரப்பில் உப்பு வாருகிறவர்கள் விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள். ஸ்கோப்பில் பார்க்கும்போது அந்தச் சின்ன வட்டம் மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நடந்து வருகிற ஆள் தெரியமாட்டார்.

அதனால் நண்பா, காகித இலக்கு, பின்னால் நல்ல தடுப்பு, அளந்த தூரம் என்றால் 3-9 வாங்கு. உப்பளத்துக்குத்தான் போவேன் என்றால் அதே காசுக்கு 8 மடங்கு, 42 மி.மீ. பைனாகுலர் வாங்கு. கொள்முதல் ஆலோசனை ஒரு பி.காம் மாணவனுடையது :-) ஆனால் பனிக்காலத்தில் பூநாரை கூட்டமாக எழும்புவதை அதில் ஒருமுறை பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு.