முழங்காலுக்கு ஒரு காப்பு



இரண்டு திங்களுக்கு முன் நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை முதலில் கூறிவிடுகின்றோம். நம் தம்பியின் இளைய மகன் மலைமிதிவண்டி ஒன்று வைத்திருக்கின்றான். வாரத்தில் ஆறு நாள் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலைத் தொடர்வண்டியேறிப் பெங்களூருக்குச் சென்று உழைப்பவன் அவன். ஏழாம் நாள் அவனுக்கு உரிய நாள். அன்று நண்பர்களோடு கோலாரை அடுத்த அந்தரகங்கைக் குன்றின் பக்கம் வண்டியோட்டச் செல்வான். அவ்வாறு சென்ற ஒரு ஞாயிறன்று நொண்டியவாறே வீடு திரும்பினான். வலது முழங்காலில் தோல் கிழிந்து, சரளை பதிந்திருந்தது. மருத்துவர் ஐந்து தையல் இட்டார். பத்து நாள் வேலை போயிற்று. பத்து நாள் கூலியும் உடன் போயிற்று.

"முழங்காலுக்குக் காப்பு வாங்கி வைத்திருந்தாயே, அது எங்கே?" என்று வினவினோம்.

"பையில்தான் இருந்தது, பெரியப்பா. போட்டால் முட்டிக்குப் பின்னால் வெட்டுகிறது. மேடு ஏறும்போது கழற்றினேன், இறங்கும்போது மாட்ட மறந்துவிட்டேன்" என்றான்.

அவன் கூறிய இந்த மறுமொழியே இத்திங்கள் நாம் எழுதப் புகும் பொருளாயிற்று. காப்பு இல்லாமல் அவனுக்குக் காயம் நேரவில்லை; காப்பு இருந்தும் நேர்ந்தது. விலை கொடுத்து வாங்கிய பொருள் ஏன் பையில் உறங்கிற்று? அது துன்பம் தந்தது, ஆகவே உறங்கிற்று. இன்று மலைமிதிவண்டி ஓட்டும் பிள்ளைகள் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் உள்ளனர். கடைகளில் 'நீ பேட்' என்று விற்கப்படும் இம்முழங்கால் காப்பினைப் பற்றிப் பெற்றோர் சற்றே அறிந்திருத்தல் நலம்.

முழங்காலின் அருமையை நமக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டுவதில்லை. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே தங்கச் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் முன்னோர் இங்கு வந்து குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. நிமிர்ந்து நிற்க இடமில்லாத பகுதிகளில் தாம் மண்டியிட்டு வேலை செய்ததை நம் தந்தையார் அடிக்கடி கூறுவார். பழைய சாக்கை நான்காக மடித்து முழங்காலுக்கு அடியில் இட்டுக்கொள்வாராம். அவருக்கு வாய்த்த காப்பு அதுவே. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட அவர், இறுதிவரை சுவரைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து நின்றார்.

முழங்காற்சில்லுக்கும் தோலுக்கும் இடையே நீர்மம் கொண்ட சிறு பை ஒன்று உள்ளது. தோல் சில்லின்மீது வழுக்கி அசைவதற்கு அது துணை செய்கின்றது. ஓயாத அழுத்தத்தினாலும் உராய்வினாலும் அப்பை வீங்கிவிடும். மண்டியிட்டு உழைத்த சுரங்கத் தொழிலாளரிடையே மிகுதியாகக் காணப்பட்ட இந்நோயைப் பிரித்தானியச் சட்டம் தொழில் நோய்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டுள்ளது. மிதிவண்டியோட்டிக்கு வரும் இடரோ வேறு வகையானது. அது நாள்தோறும் சேர்வதன்று. ஒரு நொடியில் வருவது. மோதலும், மோதியபின் கல்லின்மேல் தேய்தலும் ஆகிய இரண்டும் ஒருங்கே நிகழும். ஆகவே அவனுக்குரிய காப்பு இவ்விரண்டையும் தாங்குதல் வேண்டும்.

இவ்விளையாட்டு அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் மாரின் பகுதி மலைகளில் வளர்ந்தது. அங்கே 1976-இல் தொடங்கிய 'ரீபேக்' என்னும் இறக்கப் பந்தயம் பெயர் பெற்றது. ஒருமுறை இறங்கி முடிவதற்குள் பின்சக்கரத் தடையிலுள்ள கிரீசு வெந்து புகைந்துவிடும். மீண்டும் கிரீசு அடைத்த பின்னரே அடுத்த ஓட்டம். அதனால் வந்தது அப்பெயர். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் மலைமிதிவண்டி இடம் பெற்றது.

இனிக் காப்பின் வகைகளைக் காண்போம். ஒரு வகை, வெளிப்புறம் கெட்டியான பிளாஸ்டிக் ஓடு பொருந்தியது. விழும்போது ஓடு கல்லின்மேல் வழுக்கிச் செல்லும். கூரிய கல் உள்ளே புகாது. செங்குத்தான இறக்கத்தில் விரைந்து செல்வோர்க்கு அது ஏற்றது. ஆனால் கனமும் வெப்பமும் மிகுதி. மற்றொரு வகை, காலுறை போல் இழுத்து அணியும் மெல்லிய உறை. அதன் நடுவே மோதலைத் தாங்கும் திண்டு தைக்கப்பட்டிருக்கும். இத்திண்டுகள் சிலவற்றின் பண்பு வியப்பிற்குரியது. கையில் எடுத்துப் பிசைந்தால் மாவு போல் வளையும். விரைந்து அடிபட்டால் அக்கணமே இறுகும். 1999-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் பாமர் என்பார் உருவாக்கிய டி3ஓ என்னும் பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. ஏற்றமும் இறக்கமும் கலந்த வழியில் நெடுநேரம் ஓட்டுவோர்க்கு இம்மெல்லுறையே பொருந்தும்.

"தடித்தது நல்லதா, மெல்லியது நல்லதா?" என்று கேட்பீர்கள். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை கூறும். மணித்துளிக்கு 80 முறை மிதிகட்டை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் முழங்கால் 4,800 முறை மடங்கி நிமிர்கின்றது. காப்பின் ஓரத் தையல் ஒன்று சற்றே உறுத்தினாலும், அது அவ்வளவு முறையும் உறுத்தும். எத்துணைத் திண்மையான காப்பாயினும் அதனை எவனும் கழற்றி எறிந்துவிடுவான். எனவே இதமாக இருத்தல் என்பது செல்வர்க்குரிய ஆடம்பரமன்று. காப்பு காலில் நிலைத்திருப்பதற்கு அதுவே முதல் தேவை. பையில் கிடக்கும் தடித்த காப்பினும் காலில் கிடக்கும் மெல்லிய காப்பு மேலானது.

ஆயினும் மெல்லியதெல்லாம் காப்பாகிவிடாது. கடையில் உறையின் உட்புறச் சீட்டைப் பாருங்கள். இ.என். 1621-1 என்னும் ஐரோப்பியத் தரக்குறியீடு உள்ளதா என நோக்குங்கள். அது மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர்க்கென வகுக்கப்பட்டது; எனினும் மிதிவண்டிக் காப்புகள் பலவும் அதன்படியே சோதிக்கப்படுகின்றன. 50 ஜூல் ஆற்றலுள்ள அடி கொடுத்து, காப்பைக் கடந்து செல்லும் விசையை அளப்பர். சராசரி 35 கிலோநியூட்டனுக்கு மிகாவிடில் முதல் நிலை. 20-க்கு மிகாவிடில் இரண்டாம் நிலை. இரண்டாம் நிலையே மிகுந்த காப்பளிப்பது. இக்குறியீடு இல்லாத பஞ்சுறைகள் சிராய்ப்பைத் தடுக்கலாம். மோதலைத் தடுக்கும் என்று நம்புதற்கில்லை.

அளவெடுத்தல் அடுத்தது. முழங்காலுக்கு மேலே தொடையின் சுற்றளவையும், கீழே கெண்டைக்காலின் சுற்றளவையும் நூலால் அளந்துகொள்க. எவ்விடத்தில் அளத்தல் வேண்டும் என்பது செய்வோர்க்குச் செய்வோர் மாறுபடும்; அவரவர் அட்டவணையைக் காண்க. அணிந்தபின் நின்று பார்ப்பது போதாது. கடையிலேயே அமர்ந்து, காலை மிதிப்பது போல் மடக்கி நீட்டிப் பார்த்தல் வேண்டும். மடக்கினாலும் நீட்டினாலும் திண்டு முழங்காற்சில்லின் மேலேயே நிற்றல் வேண்டும். கையால் கீழே இழுத்தால் எளிதில் நழுவுவது பெரிது. அரைமணி நேரம் அணிந்து கழற்றிய பின்னும் ஆழ்ந்த தழும்பு நிற்குமாயின், அல்லது கால் மரத்துப்போகுமாயின், அது சிறிது. முழங்காலின் பின்புறம் காற்றோட்டமுள்ள வலைத்துணியாக இருப்பின் நம் வெயிலுக்கு நன்று.

நெடுநாள் உழைப்பது பாதி பொருளின் தரத்தினால், பாதி நம் பேணுதலினால். திண்டு கெடுமுன் கெடுபவை எலாஸ்டிக்கும் தையலும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையுமே. வியர்வை உப்பு எலாஸ்டிக்கை அரிக்கும். எனவே ஓட்டி வந்த அன்றே குளிர்ந்த நீரில் மென்சோப்பு இட்டுக் கையால் அலசுக. திண்டினைக் கழற்ற இயலுமாயின் கழற்றிவிட்டு அலசுக. ஒட்டுப்பட்டையை மூடிய பின்னரே நீரில் இடுக. இல்லையேல் அதன் கொக்கிகளில் நூலும் தூசும் சிக்கி, பிடிப்பு அற்றுப்போகும். பிளீச்சிங் பொடி ஆகாது. முறுக்கிப் பிழிதல் கூடாது. மொட்டை மாடி வெயிலில் காயவிடாமல் நிழலில் உலர்த்துக. தேய்மானத்தைத் தாங்கும் கெவ்லார் இழையும் கடும் வெயிலில் வலுவிழக்கும். திங்களுக்கு ஒருமுறை திண்டினைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பாது நின்றுவிட்டாலும், வெடிப்புக் கண்டாலும், அதன் காலம் முடிந்தது எனக் கொள்க.

இங்கே மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் தம்பியின் மூத்த மகன் பெங்களூரில் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்கின்றான். தம்பி வேண்டாமென்று எறிந்த காப்பை எடுத்துத் தான் அணிந்துகொண்டான். ஒரே திங்களில் சிமெண்டிலும் மணலிலும் உராய்ந்து துணி கிழிந்தது. முழங்கால் வலியும் தீரவில்லை. காரணம் எளிது. விரைந்த அடிக்கு இறுகும் திண்டு, மெல்ல அழுத்தும் உடற்பாரத்திற்கு நெகிழ்ந்துகொடுத்துவிடும். மண்டியிட்டு உழைப்போர்க்கெனத் தனியே இ.என். 14404 என்னும் தரக்குறியீடு உண்டு. காலில் கட்டுவது, காற்சட்டைப் பையில் செருகுவது, தரையில் இடும் திண்டு என அதில் வகைகளும் உண்டு. விளையாட்டுக்கு வேறு, வேலைக்கு வேறு. இளையவனுக்கு ஒன்று வாங்கும் இல்லம், மூத்தவனுக்கும் ஒன்று வாங்குதல் முறையன்றோ? ஞாயிறு ஒரு நாள் விழக்கூடிய முழங்காலினும், ஆறு நாளும் தரையில் ஊன்றும் முழங்கால் இரக்கத்திற்குரியது.

பிள்ளைகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். முழங்கால் காப்பு தோலையும் சில்லையும் காக்கும். மூட்டு முறுக்கிக்கொள்வதைத் தடுக்காது. தலைக்கவசத்திற்கு மாற்றும் ஆகாது. இரண்டாவது, நம் ஊர்ச் சயனைடு மேடுகளைக் கண்டு, இறங்கி விளையாட ஏற்ற குன்றுகள் என எண்ணிவிடாதீர்கள். அவை அரைத்த பாறையின் நுண்பொடி. அப்பொடி நுரையீரலுள் புகுந்தால் எந்தக் காப்பும் துணை செய்யாது.

இளையவனின் காயம் ஆறிவிட்டது. இம்முறை அளவெடுத்து, அமர்ந்து, காலை மடக்கிப் பார்த்து வாங்கினான். வீட்டு வாயிலிலேயே அணிந்துகொண்டு புறப்படுகின்றான். திரும்பி வந்த பின்னரே கழற்றுகின்றான். மூத்தவனுக்குக் காலில் கட்டும் வகையில் ஒன்று வாங்கித் தந்தோம். முதல் நாள் வேலை முடிந்து வந்தவன், "பெரியப்பா, இன்று சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன்" என்றான். நம் தந்தையாரை நினைத்துக்கொண்டோம்.

அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம். நலம் பெருகுக.